ஓடுகிற பைத்தான் நிரலில் டைப் சேர்ப்பது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

பினாங்கில் ஒரு நாசி கண்டார் கடை என்று வைத்துக்கொள்வோம். கல்லாவில் ஓடும் பில் நிரல் பைத்தானில் எழுதியது. கேட்டரிங் முன்பதிவு, வீட்டுக்கு அனுப்பும் ஆர்டர், வேலையாட்களின் சம்பளப் பட்டியல் எல்லாம் அதற்குள்ளேயே. எழுதியவர் ஒருவர், பிறகு கை வைத்தவர்கள் மூன்று பேர், டைப் குறிப்பு (எந்த மாறியில் எந்த வகை மதிப்பு இருக்கும் என்ற குறிப்பு) ஒரு வரியில்கூட இல்லை. கடைக்குக் கதவு அடைக்கும் நேரம் என்று ஒன்று கிடையாது. அதனால் நிரலை நிறுத்தி முழுதாக மாற்றி எழுதும் பேச்சுக்கே இடமில்லை. ஓட ஓடத்தான் டைப் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்க்கும்போது என்னென்ன அறிகுறி தெரியும், அதற்குக் காரணம் எங்கே இருக்கும், எதைச் செய்தால் தீரும் என்பது கீழே.

முதலில் ஓர் அடிப்படை. பைத்தானில் டைப் குறிப்புக்கு முறையான இடம் 2015-இல் வந்த 3.5 பதிப்பில் கிடைத்தது. ஆனால் நிரல் ஓடும்போது பைத்தான் அந்தக் குறிப்பைச் சரிபார்ப்பதில்லை. ‘அளவு: இன்ட்’ (முழு எண்) என்று எழுதிவிட்டு ‘இரண்டு’ என்ற ஸ்ட்ரிங்கை (எழுத்துச் சரத்தை) அனுப்பினாலும் அது வாயைத் திறக்காது. சரிபார்ப்பது மைபை, பைரைட் போன்ற செக்கர்கள். அவை நிரலை ஓட்டுவதில்லை, படிக்க மட்டுமே செய்கின்றன. ஓட்டுபவர் குறிப்பைப் பார்ப்பதில்லை, குறிப்பைப் பார்ப்பவர் ஓட்டுவதில்லை. கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த இடைவெளியில் பிறந்தவை.

கை வைக்கும் முன் மூன்று வேலை. செக்கரின் பதிப்பு எண்ணைத் தேவைப்பட்டியலில் துல்லியமாகக் குறித்துவிடுங்கள். செக்கரின் அமைப்புக் கோப்பில், கல்லா கணினியில் எந்தப் பைத்தான் பதிப்பு ஓடுகிறதோ அதையே இலக்காகக் கொடுங்கள். உங்கள் மடிக்கணினியில் இருப்பதை அல்ல. டைப் சேர்க்கும் கமிட் (சேமிக்கும் மாற்றத் தொகுப்பு) தனி, நிரலின் நடத்தையை மாற்றும் கமிட் தனி. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் ராத்திரி 11 மணிக்கு பில் தவறும்போது எதைத் திருப்பி எடுப்பது என்று தெரியாது.

செக்கரின் ஆப்ஷன் பெயர்களை இங்கே உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறோம். அமைப்புக் கோப்பில் ஆங்கில எழுத்தில், சொற்களுக்கு நடுவே அடிக்கோடு போட்டு எழுதவும்.


அறிகுறி: முதல் நாளே ‘பிழை ஒன்றுமில்லை’ என்று வருகிறது

மகிழ வேண்டாம். இருக்கிற அறிகுறிகளிலேயே மோசமானது இதுதான். டைப் குறிப்பே இல்லாத நிரலில் மைபையை ஓட்டினால் பெரும்பாலும் இப்படித்தான் வரும். காரணம், குறிப்பு எதுவும் இல்லாத ஃபங்ஷனின் உடலுக்குள் மைபை இயல்பாக நுழைவதே இல்லை. வாசலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறது.

சோதிக்கும் முறை எளிது. சந்தேகப்படும் ஃபங்ஷனுக்குள் ஸ்ட்ரிங் ‘5’ உடன் எண் 5-ஐக் கூட்டும் ஒரு வரியை வேண்டுமென்றே எழுதி, செக்கரை ஓட்டுங்கள். பிழை வராவிட்டால் அந்த ஃபங்ஷனை அது படிக்கவில்லை. இன்னொரு வழி, ரிவீல்-டைப் என்ற அழைப்பை ஒரு மாறியின் மேல் போடுவது. ‘எனி’ என்று பதில் வந்தால் அந்த மாறியைப் பற்றிச் செக்கருக்கு ஒன்றும் தெரியாது என்று பொருள். சோதனை வரியை மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

தீர்வு: செக்-அன்டைப்டு-டெஃப்ஸ் என்ற ஆப்ஷனை இயக்குங்கள். குறிப்பு இல்லாத ஃபங்ஷன்களின் உள்ளேயும் அது நுழையும். பராமீட்டரே இல்லாத ஃபங்ஷனில் ஒரு பொறி உண்டு. குறிப்பெழுத அதில் ஒன்றுமே இல்லையே என்று தோன்றும். ஆனால் ‘எதையும் திருப்பித் தராது’ என்பதைக் காட்டும் ‘நன்’ குறிப்பை அம்புக்குறியோடு போட்டால்தான் அது டைப் உள்ள ஃபங்ஷனாகக் கணக்கில் வரும். நிரலைத் தொடங்கிவைக்கும் முதன்மை ஃபங்ஷன் பெரும்பாலும் இப்படித்தான் விடுபட்டுப்போகும்.

ஆப்ஷனை இயக்கிய பிறகும் அமைதியாக இருந்தால், அமைப்புக் கோப்பில் இக்னோர்-மிஸ்ஸிங்-இம்போர்ட்ஸ் என்பது எல்லாக் கோப்புகளுக்கும் பொதுவாக இயங்கிக்கொண்டிருக்கிறதா பாருங்கள். யாராவது ஒருவர் எரிச்சலில் போட்டுவிட்டுப் போயிருப்பார். டைப் இல்லாத எந்த நூலகத்திலிருந்து எது வந்தாலும் அது ‘எனி’ ஆகிவிடும், பிறகு எதற்கும் பிழை வராது.


அறிகுறி: ஆயிரக்கணக்கில் பிழைகள் கொட்டுகின்றன

இது முந்தையதற்கு நேர் எதிர். யாரோ ஸ்ட்ரிக்ட் ஆப்ஷனை மொத்தமாக இயக்கியிருக்கிறார்கள். எண்ணிக்கையைப் பார்த்து மலைக்காமல் ஒவ்வொரு பிழை வரியின் முடிவிலும் சதுர அடைப்புக்குள் இருக்கும் பிழைக் குறியை மட்டும் பிரித்தெடுத்து, எது எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். நூற்றுக்கணக்கான வரிகள் ஏழெட்டுக் குறிகளுக்குள் அடங்கிவிடும். அதற்குள்ளும் ஒரே ஊற்றிலிருந்து வருபவை நிறைய. வாடிக்கையாளரைத் தேடித் தரும் ஃபங்ஷன், கிடைக்காதபோது ‘நன்’ தருகிறது என்றால், அதைக் கூப்பிடும் ஒவ்வோர் இடமும் பிழையாகத் தெரியும். அறுபது இடத்தைத் திருத்தக் கிளம்பாதீர்கள். கிடைத்தே தீர வேண்டிய இடங்களுக்கு, கிடைக்காவிட்டால் எக்ஸெப்ஷன் எழுப்பும் இன்னொரு ஃபங்ஷனை எழுதி, அந்த இடங்களில் அதைக் கூப்பிடுங்கள். பெரும்பகுதி காணாமல் போகும்.

பழைய நிரல்களில் அடிக்கடி வரும் இன்னோர் ஊற்று: ‘தள்ளுபடி: இன்ட்’ என்று குறித்துவிட்டு இயல்பு மதிப்பாக ‘நன்’ கொடுப்பது. முன்பு மைபை இதைப் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டது. 0.990 பதிப்பிலிருந்து இயல்பாகவே பிழை என்கிறது. ‘இன்ட் அல்லது நன்’ என்று வெளிப்படையாக எழுதுவதே சரி.

எந்தக் கோப்பில் தொடங்குவது? வேறு எதையும் இம்போர்ட் செய்யாத, ஆனால் எல்லோரும் இம்போர்ட் செய்கிற கோப்பில். பில் நிரலில் அது விலைப்பட்டியலோ பணக் கணக்கோ ஆக இருக்கும். திரைப் பக்கங்களில் தொடங்கினால், கீழே உள்ளது டைப் இல்லாததாக இருக்கும்வரை மேலே எழுதியதெல்லாம் ‘எனி’யின் மேல் கட்டிய மாடி. அமைப்புக் கோப்பில் மாட்யூல் வாரியாக விதி எழுதலாம்: முடித்த கோப்புகளுக்கு மட்டும் ஸ்ட்ரிக்ட் அளவு விதிகள், மற்றவற்றுக்குத் தளர்வு. முடித்த பட்டியல் வளரட்டும், ஒருபோதும் சுருங்கக்கூடாது.

மற்ற மொழிக்காரர்களுக்கும் இதே ஏற்பாடு உண்டு. டைப்ஸ்கிரிப்ட்டில் அலவ்-ஜேஎஸ் இயக்கிவிட்டு, கோப்பு கோப்பாக டிஎஸ்-செக் குறிப்பைத் தலையில் எழுதலாம். பிஎச்பியில் பிஎச்பிஸ்டான் தற்போதுள்ள பிழைகளை ஒரு பேஸ்லைன் கோப்பில் எழுதிக்கொண்டு, புதிதாக வருவதை மட்டும் சொல்லும். ரூபிக்கான சோர்பெட்டில் கோப்பின் தலையிலேயே ஃபால்ஸ், ட்ரூ, ஸ்ட்ரிக்ட் என்று அளவு குறிக்கலாம்.


அறிகுறி: செக்கர் பச்சை காட்டுகிறது, நிரல் ஓடும்போது விழுகிறது

நேரம் எடுத்துப் பார்க்க வேண்டிய அறிகுறி இது. ஒரு நேர்வைக் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

வேலையாட்களின் பட்டியல் எக்ஸெல் கோப்பில் வருகிறது. நிரல் அதைப் பாண்டாஸ் நூலகம் வழியாகப் படிக்கிறது. வயதைக் கணக்கிடும் ஃபங்ஷனில் ‘ஐசி: ஸ்ட்ரிங்’ என்று டைப் ஒழுங்காகக் குறித்திருக்கிறது. செக்கருக்குக் குறையில்லை. மாதக் கடைசியில் சம்பளம் போடும்போது, ‘71-ஆம் மாதம் என்று ஒன்றில்லை’ என்ற பொருளில் தேதிப் பிழை வந்து விழுகிறது.

நடந்தது இதுதான். மலேசிய அடையாள அட்டை எண் (ஐசி) 12 இலக்கம். முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டு பிறந்த இடம், பினாங்குக்கு 07, கோலாலம்பூருக்கு 14. 2003 ஜூலை 15-இல் பினாங்கில் பிறந்தவருடைய எண் 030715-07 என்று தொடங்கும். கோடு போடாமல் எக்ஸெலில் தட்டியதும் அது எண்ணாகிவிட்டது, முன்னால் இருந்த பூஜ்யம் போய்விட்டது. நிரலுக்கு வந்தது 30715 என்று தொடங்கும் 11 இலக்க எண். வழியில் எங்கோ ஒருவர் அதை ஸ்ட்ரிங்காக மாற்றியிருக்கிறார். முதல் ஆறு எழுத்தை வெட்டினால் 307150. ஆண்டு 30, மாதம் 71. தொண்ணூறுகளில் பிறந்தவர்களுக்கு இந்தக் கோளாறு வராது; 2000 முதல் 2009 வரை பிறந்த இளையவர்களுக்கு மட்டும் வரும். 2000-இல் பிறந்தவருக்கு இரண்டு பூஜ்யம் போகும், பிறந்த மாதம் செப்டம்பருக்குள் என்றால் மூன்று. அதனால்தான் நிரல் பல வருடம் ஒழுங்காக ஓடிவிட்டு, பகுதிநேரமாக வேலைக்கு வந்த பிள்ளைகள் பெருகிய பிறகு விழுகிறது.

பிழை தெரிந்தது டைப் குறித்த ஃபங்ஷனில், குற்றம் நடந்தது டைப் இல்லாத வாசலில். டைப்பைப் படிப்படியாகச் சேர்க்கும் எல்லா மொழிகளிலும் இது தீராத குணம். 2006-இல் ஜெரமி சீக், வாலித் தாஹா இருவரும் இந்தக் கருத்துக்கு முறையான இலக்கணம் எழுதியபோது, ‘தெரியாத டைப்’ எதனோடும் ஒத்துப்போகும், ஆனால் அந்த ஒத்துப்போதல் சங்கிலியாகத் தொடராது என்று வகுத்தார்கள். இன்ட்டும் எனியும் ஒத்துப்போகும், எனியும் ஸ்ட்ரிங்கும் ஒத்துப்போகும், ஆனால் இன்ட்டும் ஸ்ட்ரிங்கும் ஒத்துப்போகாது. நேரடியாக அனுப்பினால் செக்கர் பிடிக்கும். நடுவில் ஓர் எனி நின்றால் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டுப் பொருளைக் கடத்திவிடும். ஜேசான் படிக்கும் ஃபங்ஷன் தருவது எனி. டைப் குறிக்காத நூலகங்கள் தருவதும் எனி.

தீர்வு வாசலில். வெளியிலிருந்து தரவு நுழையும் இடங்களைப் பட்டியலிடுங்கள்: எக்ஸெல், சிஎஸ்வி, ஜேசான், டேட்டாபேஸ், திரையில் தட்டுவது. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு படிக்கும் ஃபங்ஷன். அது வாங்கும் மதிப்புக்கு எனி என்று குறிக்காமல் ‘ஆப்ஜெக்ட்’ என்று குறியுங்கள். வித்தியாசம் பெரிது: எனியை என்ன செய்தாலும் செக்கர் கேட்காது, ஆப்ஜெக்ட்டை, என்ன டைப் என்று பார்க்கும் இஸ்இன்ஸ்டன்ஸ் போட்டுச் சோதிக்காமல் தொடவே விடாது. டைப்ஸ்கிரிப்ட்டில் 2018-இல் வந்த ‘அன்நோன்’ இதே வேலையைச் செய்கிறது. சோதனை முடிந்ததும் டேட்டாகிளாஸ் (புலங்களுக்கு டைப் குறித்த கிளாஸ்) ஒன்றாகக் கட்டி உள்ளே அனுப்புங்கள். உள்ளே அப்புறம் யாரும் சோதிக்க வேண்டாம்.

காஸ்ட் போட்டு மாற்றினால் ஆகாதா? ஆகாது. காஸ்ட் என்பது செக்கரிடம் கொடுக்கும் வாக்குறுதி, ஓடும்போது அது எதையும் மாற்றாது, எதையும் பார்க்காது.

எக்ஸெல் நேர்வுக்குத் திரும்பினால்: படிக்கும்போதே அந்த நெடுவரிசைக்கு டீடைப் ஸ்ட்ரிங் என்று சொல்லுங்கள். சிஎஸ்வியில் பூஜ்யம் இருந்தால் அதோடு வந்துசேரும். டீடைப் சொல்லாவிட்டால் சிஎஸ்வியின் பூஜ்யமும் போகும். நெடுவரிசையில் ஒரு வரி காலியாக இருந்தால் எல்லாமே ஃப்ளோட் (தசம எண்) ஆகி, ஐசி எண்ணின் முடிவில் ‘.0’ ஒட்டிக்கொண்டு வரும். எக்ஸெலிலேயே பூஜ்யம் போயிருந்தால் டீடைப் அதைத் திரும்பக் கொண்டுவராது. அப்போது 12 இலக்கம் வரும்வரை இடப்பக்கம் பூஜ்யம் நிரப்பலாம். எல்லா வரிக்கும் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பாதீர்கள்: வெளிநாட்டுத் தொழிலாளர்களின் பாஸ்போர்ட் எண்ணும் அதே நெடுவரிசையில் இருக்கும், அதில் எழுத்து உண்டு. முழுக்க இலக்கமாக இருந்தால் மட்டும் நிரப்பி, தேதி சரியாகப் பிரிகிறதா என்றும் பாருங்கள்.

அஞ்சல் குறியீட்டிலும் இதே வியாதி. ஜார்ஜ்டவுன் 10 என்று தொடங்கும், கோலாலம்பூர் 50 என்று. இரண்டையும் எண்ணாகவே வைத்திருந்தாலும் ஒன்றும் ஆகாது. அலோர் ஸ்டார் 05000, கங்கார் 01000. வடக்கிலிருந்து முதல் கேட்டரிங் ஆர்டர் வரும் நாளில்தான் தெரியும். கணக்குப் போடாத எண் எதுவும் எண்ணல்ல, ஸ்ட்ரிங். கைப்பேசி எண்ணும் அப்படியே.

ஐசியும் அஞ்சல் குறியீடும் இரண்டுமே ஸ்ட்ரிங் ஆனபின், ஒன்றின் இடத்தில் இன்னொன்றை அனுப்பினால் செக்கருக்கு எப்படித் தெரியும்? நியூடைப் கொண்டு இரண்டுக்கும் தனிப் பெயர் கொடுங்கள். ஓடும்போது அது வெறும் ஸ்ட்ரிங்தான். ஆனால் வாசல் ஃபங்ஷன் மட்டுமே அந்த டைப்பை உருவாக்கும் என்று வைத்துக்கொண்டால், அந்தப் பெயரே ‘சோதித்தாயிற்று’ என்ற முத்திரை ஆகிவிடும்.

டைப்பால் பிடிக்க முடியாததும் உண்டு. வேலையாளின் பெயரை ‘ஏ/எல்’ (இன்னாரின் மகன்) என்ற இடத்தில் வெட்டி, தன் பெயர், தகப்பன் பெயர் என்று இரண்டு மாறிகளில் வாங்கும் வரி பல நிரல்களில் இருக்கும். வெட்டினால் வருவது ஸ்ட்ரிங் லிஸ்ட். லிஸ்ட்டில் எத்தனை உருப்படி என்பது டைப்பில் இல்லை. ‘ஏ/பி’ (இன்னாரின் மகள்) உள்ள பெண்ணின் பெயர் வந்ததும் ஒரே உருப்படிதான் கிடைக்கும், நிரல் விழும். செக்கர் மேல் பழி போட முடியாது. பெயரை முழுதாக ஒரே புலத்தில் வைப்பதே நம் ஊருக்குப் பொருத்தம்.

எந்தக் கோப்பில் எனி அதிகம் என்று தெரிய மைபையில் எனி-எக்ஸ்ப்ர்ஸ்-ரிப்போர்ட் உண்டு. ஓர் அடைவின் பெயரைக் கொடுத்தால் கோப்பு வாரியாக எண்ணி எழுதித்தரும். அடுத்து எங்கே கை வைப்பது என்பதற்கு அதைவிட நல்ல வழிகாட்டி இல்லை.


அறிகுறி: ராத்திரிக் கணக்கில் ஒரு சென், இரண்டு சென் இடிக்கிறது

விலைகள் ஃப்ளோட்டில் இருக்கின்றன. ஃப்ளோட் குறித்த இடத்தில் இன்ட் வந்தாலும் செக்கர் ஏற்கும். அது விதியிலேயே உள்ள சலுகை. ஆகவே ரிங்கிட் தொகையையும் சென் தொகையையும் கலந்து கூட்டினாலும் பச்சைதான். ரவுண்ட் ஃபங்ஷனும் காப்பாற்றாது: 2.675-ஐ இரண்டு தசமத்துக்கு ரவுண்ட் செய்தால் பைத்தான் 2.67 தரும், ஏனென்றால் 2.675 என்ற எண் ஃப்ளோட்டில் துல்லியமாக இல்லை, ஒரு மயிரிழை குறைவாக இருக்கிறது.

சென் என்று ஒரு நியூடைப், அடியில் இன்ட். எல்லாத் தொகையும் சென்னில். உதாரணமாக உணவு 18 ரிங்கிட் 70 சென், அதாவது 1870. பதிவுபெற்ற கடையில் சேவை வரி 6%. 2024 மார்ச்சில் பல சேவைகளுக்கு வரி 8% ஆனபோதும் உணவுக்கு 6% தான் நீடித்தது. 1870-ஐ ஆறால் பெருக்கி, 50 கூட்டி, நூறால் முழுவகுத்தல் செய்தால் 112. மொத்தம் 1982. ரொக்கம் என்றால் 5 சென்னுக்கு முழுமையாக்க வேண்டும். 2008 ஏப்ரல் முதல் நடப்பு அதுதான். 1982-உடன் 2 கூட்டி, ஐந்தால் முழுவகுத்து, ஐந்தால் பெருக்கினால் 1980. அட்டையில் கட்டினால் 1982 அப்படியே. இரண்டு தொகைக்கும் ஒரே மாறியைப் பயன்படுத்துவதுதான் ராத்திரிக் கணக்கில் இடிக்கும் வழக்கமான காரணம்.

இங்கே செக்கர் கைகொடுக்கும் இடம் ஒன்று. ஒற்றைச் சாய்கோட்டால் வகுத்தால் விடை எப்போதும் ஃப்ளோட். இரட்டைச் சாய்கோடு போட்டால் இன்ட். திருப்பித் தருவது சென் என்று குறித்திருந்தால், ஒற்றைச் சாய்கோடு போட்ட வரியைச் செக்கர் உடனே காட்டிவிடும். சென்னும் சென்னும் கூட்டினால் விடையைச் சென் என்று கொள்ளாமல் இன்ட் என்றே கொள்ளும். மீண்டும் சென் என்று சுற்ற வேண்டும். கொஞ்சம் தொல்லைதான். கூட்டுவதற்கென்று ஒரு சிறிய ஃபங்ஷன் எழுதிவிட்டால் தொல்லை ஓர் இடத்தோடு போகும்.


அறிகுறி: கோழி லிஸ்ட்டை உணவு லிஸ்ட் என்று ஏற்க மறுக்கிறது

கோழி என்ற கிளாஸ் உணவு என்ற கிளாஸின் பிள்ளை. உணவு கேட்கும் இடத்தில் கோழியைக் கொடுத்தால் ஏற்கும். ஆனால் உணவு லிஸ்ட் கேட்கும் இடத்தில் கோழி லிஸ்ட்டைக் கொடுத்தால் பிழை. செக்கருக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. கோழிக் குழம்புப் பாத்திரத்தை ‘ஏதோ குழம்புப் பாத்திரம்’ என்று சொல்லி ஒருவர் கையில் கொடுத்தால், அவர் மீன் குழம்பை அதில் ஊற்றலாம், அவர் செய்தது தப்பில்லை. தட்டில் குழம்பைக் கலப்பது நாசி கண்டார். பாத்திரத்தில் கலப்பது நாசம். லிஸ்ட்டில் புதிதாகச் சேர்க்க முடியும் என்பதால்தான் இந்தக் கட்டுப்பாடு.

ஃபங்ஷன் அந்த லிஸ்ட்டைப் படிக்க மட்டும் செய்கிறது என்றால் குறிப்பை ‘சீக்வென்ஸ்’ என்று மாற்றுங்கள். டிக்ஷனரிக்கு ‘மேப்பிங்’. பிழை போய்விடும். ஆனால் சீக்வென்ஸில் ஒரு குழி: ஒரு ஸ்ட்ரிங்கே ஸ்ட்ரிங்குகளின் சீக்வென்ஸும் ஆகும். உணவுப் பெயர்களின் வரிசை கேட்கும் இடத்தில் ‘கோழி’ என்ற ஒற்றைச் சொல்லை அனுப்பினால் செக்கர் தடுக்காது. சமையலறைச் சீட்டில் க, ஓகாரக் குறி, ழ, இகரக் குறி என்று நான்கு வரி அச்சாகும்.


அறிகுறி: இப்போதுதான் ‘நன்’ இல்லை என்று சோதித்தோம், மறுபடியும் ‘நன் ஆகலாம்’ என்கிறது

டிக்ஷனரியில் கெட் போட்டுச் சோதித்துவிட்டு, அடுத்த வரியில் மறுபடியும் கெட் போட்டால் செக்கருக்கு அவை இரண்டு தனி அழைப்புகள். ஒரு முறை வாங்கி ஒரு மாறியில் வைத்து, அந்த மாறியைச் சோதியுங்கள். லேம்டாவுக்குள்ளோ உள் ஃபங்ஷனுக்குள்ளோ போனதும் சோதனை மறந்துபோவதற்கும் இதே மருந்து: அது எப்போது ஓடும் என்று செக்கருக்குத் தெரியாது, அதற்குள் மாறியின் மதிப்பு வேறாகியிருக்கலாம்.

மாறாக, கிளாஸின் உறுப்பில் வைத்த மதிப்பைச் சோதித்தபின், நடுவே இன்னொரு மெத்தடைக் கூப்பிட்டு அது அந்த உறுப்பை நன் ஆக்கினால், செக்கர் கவனிக்காது. இங்கே அது அளவுக்கு மேல் நம்புகிறது.

சோதனையை எப்படி எழுதுகிறீர்கள் என்பதும் முக்கியம். தள்ளுபடி 0 சென் என்பது ஒரு செல்லுபடியாகும் மதிப்பு. ‘இஃப் தள்ளுபடி’ என்று மட்டும் எழுதினால் பூஜ்யமும் நன்னும் ஒன்றாகிவிடும். செக்கர் அதை ஒரு குறையாகவே நினைக்காது. ‘இஸ் நாட் நன்’ என்று முழுதாக எழுதுங்கள்.


அறிகுறி: டைப் சேர்த்த பிறகு கல்லா கணினியில் நிரல் திறக்கவே இல்லை

ஓடும்போது குறிப்பைப் பைத்தான் சரிபார்ப்பதில்லை என்றோம், ஆனால் 3.14-க்கு முந்தைய பதிப்புகளில் பைத்தான் அதை ஒரு எக்ஸ்ப்ரெஷனாக மதிப்பிடுகிறது. அங்கேதான் விழுகிறது. கல்லாவில் விண்டோஸ் 7 கணினி இன்னும் உயிரோடு இருந்தால் அதில் ஏறும் கடைசிப் பைத்தான் 3.8. ‘லிஸ்ட்[ஸ்ட்ரிங்]’ என்று சிறிய எழுத்து லிஸ்ட்டைக் கொண்டு எழுதுவது 3.9-இல் வந்தது. ‘இன்ட் | நன்’ என்று செங்குத்துக் கோடு போடுவது 3.10-இல் வந்தது. பழைய பதிப்பில் முதலாவதைக் கண்டால் ‘டைப் ஆப்ஜெக்ட்டுக்குச் சப்ஸ்கிரிப்ட் இல்லை’ என்று புலம்பிவிட்டு நின்றுவிடும்.

கோப்பின் முதல் வரியாக ஃபியூச்சரிலிருந்து அனோட்டேஷன்ஸை இம்போர்ட் செய்தால் 3.7 முதல் குறிப்புகள் மதிப்பிடப்படாமல் எழுத்தாகவே நிற்கும். ஆனால் அது குறிப்புகளுக்கு மட்டும். ஒரு டைப்புக்குப் புனைபெயர் வைக்கும் வரி, காஸ்ட்டுக்குள் எழுதுவது, கிளாஸின் தாயாக எழுதுவது ஆகியவை சாதாரண நிரல் வரிகள். அங்கே டைப்பிங் மாட்யூலின் பழைய பெரிய எழுத்து லிஸ்ட், ஆப்ஷனல் ஆகியவற்றையே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு காரணம் வட்ட இம்போர்ட். பில் கோப்பு வாடிக்கையாளர் கோப்பை இம்போர்ட் செய்கிறது. டைப் குறிப்புக்காக வாடிக்கையாளர் கோப்பு பில் கோப்பை இம்போர்ட் செய்கிறது. மேலே சொன்ன ஃபியூச்சர் இம்போர்ட்டை வைத்துக்கொண்டு, குறிப்புக்கு மட்டும் தேவைப்படும் இம்போர்ட்டை ‘டைப்-செக்கிங்’ என்ற மாறியின் இஃப் பிளாக்குக்குள் போடுங்கள். செக்கருக்கு அது உண்மை, ஓடும்போது பொய். பைடான்டிக் போல் குறிப்பை ஓடும்போது படிக்கும் நூலகம் இருந்தால் இந்த வைத்தியம் பலிக்காது, அதற்கு உண்மையான இம்போர்ட் வேண்டும். அப்போது இரண்டு கோப்புக்கும் பொதுவான கிளாஸை மூன்றாவது கோப்புக்கு நகர்த்துவதே வழி.


அறிகுறி: டைப் சேர்த்ததும் நிரல் மெதுவாகிவிட்டது

பைத்தானில் வெறும் குறிப்புகளால் அப்படி ஆகாது. ஓடும்போது சரிபார்க்கும் நூலகத்தைத் தேடுங்கள். 3,000 வரி உள்ள பட்டியலை ஒவ்வொரு ஃபங்ஷனும் தன் வாசலில் மறுபடி மறுபடி பைடான்டிக்கில் போட்டுச் சலித்துக்கொண்டிருக்கும். வெளி வாசலில் ஒரே முறை போதும்.

டைப்டு ராக்கெட் போல எல்லையில் உண்மையாகவே சரிபார்க்கும் மொழிகளில் விஷயம் வேறு. டைப் உள்ள பகுதிக்கும் இல்லாத பகுதிக்கும் இடையே மதிப்பு கடக்கும் ஒவ்வொரு முறையும் காவல் உண்டு. 2016-இல் வந்த ஆய்வுக் கட்டுரை, பாதி டைப் சேர்த்த சில கலவைகள் நூறு மடங்குக்கும் மேல் மெதுவானதைக் காட்டியது. அடிக்கடி ஒன்றையொன்று கூப்பிடும் இரண்டு மாட்யூல்களுக்கு நடுவே எல்லைக்கோடு விழாதபடி, இரண்டுக்கும் ஒன்றாக டைப் சேர்க்கவும்.

மெதுவாக இருப்பது செக்கரே என்றால் டிமைபை என்ற பின்னணி வடிவத்தை ஓடவிடுங்கள். மாறிய கோப்புகளை மட்டும் பார்க்கும்.


அறிகுறி: நூலகத்துக்கு ஸ்டப் இல்லை என்கிறது

ஸ்டப் என்பது நூலகத்தின் டைப் குறிப்புகளை மட்டும் தாங்கிய கோப்பு. பிழைச் செய்தியே பெரும்பாலும் எந்தப் பொதியை நிறுவ வேண்டும் என்று சொல்லிவிடும். ‘டைப்ஸ்-’ என்று தொடங்கும் பெயர். இல்லாவிட்டால் அந்த ஒரு நூலகத்துக்கு மட்டும் மாட்யூல் விதியில் விலக்கு கொடுங்கள். நீங்களே எழுதிய பொதிக்கு இந்தப் பிழை வந்தால், பை-டைப்டு (நடுவே அடிக்கோடு அல்ல, புள்ளி) என்ற காலிக் கோப்பு பொதிக்குள் இல்லை. அடைவில் இருந்தும் வருகிறதென்றால், பொதி கட்டும்போது அந்தக் கோப்பு உள்ளே போகவில்லை. பைத்தான் கோப்பு அல்லாததைத் தனியாகச் சேர்க்கச் சொல்ல வேண்டும்.


அறிகுறி: டெகரேட்டர் போட்டதும் ஃபங்ஷனின் டைப் மறைகிறது

ஃபங்ஷனைச் சுற்றிக்கொண்டு கூடுதல் வேலை செய்யும் டெகரேட்டருக்கே டைப் இல்லை, அல்லது ‘எதையும் வாங்கி எனியைத் தரும்’ என்று குறித்திருக்கிறது. 3.10-இல் வந்த பாராம்ஸ்பெக் கொண்டு, வாங்கிய பராமீட்டர்களையே திரும்பத் தருவதாகக் குறியுங்கள். பதிவேடு எழுதும் டெகரேட்டர் ஒன்று நிரல் முழுக்கப் போட்டிருந்தால், அதன் குறிப்பைத் திருத்துவதே அன்றைய நாளின் பெரிய வேலை.


அறிகுறி: எடிட்டரில் சிவப்பு, சர்வரில் பச்சை

இரண்டும் வெவ்வேறு செக்கர். விஎஸ் கோடுக்குள் பைலான்ஸ் வழியாக ஓடுவது பைரைட், சர்வரில் ஓடுவது மைபை. குறிப்பு இல்லாத ஃபங்ஷன் என்ன தரும் என்று பைரைட் உடலைப் படித்து ஊகிக்கும்; மைபை எனி என்று விட்டுவிடும். தீர்ப்பு சொல்வது எது என்று ஒன்றை முடிவு செய்து அதையே சர்வரில் ஓட்டுங்கள், மற்றதன் குரலைக் கேட்டுக்கொண்டால் போதும்.

சிவப்பை மறைக்க ‘டைப்: இக்னோர்’ என்று எழுதும்போது பிழைக் குறியையும் சதுர அடைப்பில் சேர்த்து எழுதுங்கள். மொட்டையாக எழுதினால் அந்த வரியில் நாளை வரும் வேறு பிழையையும் அது விழுங்கிவிடும். வார்ன்-அன்யூஸ்டு-இக்னோர்ஸ் இயக்கியிருந்தால், காரணம் தீர்ந்தபின்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் இக்னோர்களைச் செக்கரே காட்டிக்கொடுக்கும். செக்கரின் பதிப்பை உயர்த்தும்போது இவை கொத்தாக வெளிவரும். அந்த உயர்வைத் தனிக் கமிட்டாக, மதியக் கூட்டம் கலைந்த பிறகு போடுங்கள்.